கண்ணாடியில் பழுத்த ஆப்பிள்கள்

பண்டிகைப் பொருட்களின் வரலாறு – 9

சென்ற வாரம் அல்சாஸ் பகுதியில் நின்றோம். 1521இல் செலெஸ்டா நகரத்துக் கணக்குப் புத்தகத்தில், கிறிஸ்துமஸ் காலத்தில் மரங்களைப் பார்த்துக்கொண்ட வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங் கூலி எழுதப்பட்டதைப் பார்த்தோம். 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து வீட்டுக் கூடங்களில் நின்ற மரங்களையும் பார்த்தோம். வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பத் தகடுகள், தங்க நிறத் தாள், சர்க்கரை மிட்டாய் எல்லாம் அவற்றில் தொங்கின. டிசம்பர் 24ஆம் நாள் ஆதாம் ஏவாளின் நினைவு நாள். அன்று நடந்த ஏதேன் தோட்ட நாடகங்களில் மேடைமேல் நின்ற ஆப்பிள் மரமே வீட்டுக்குள் வந்த மரத்தின் முன்னோடி என்று பல ஆய்வாளர்கள் சொல்வதையும் குறிப்பிட்டிருந்தேன்.

அந்த மரத்தில் தொங்கியவற்றில் பெரும்பகுதி தின்னக்கூடியது. மரத்தைக் கலைக்கும் நாளுக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். கிளையை உலுக்கினால் விழுந்ததெல்லாம் அவர்கள் வயிற்றுக்குப் போனது. அடுத்த வருடம் எல்லாமே புதிது. பெட்டியில் போட்டு வைக்கவோ, பேத்திக்குக் கொடுக்கவோ, எண்ணிப் பார்க்கவோ எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அலங்காரப் பொருள் சேகரிப்பின் வரலாற்றை 1605இலிருந்து தொடங்க முடியாது. தின்று தீர்ந்த பொருள் எந்த இடத்தில், யார் கையில், வைத்துக் காக்கும் பொருளாக மாறியதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த இடம் ஒரு மலைக்கிராமம்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் துரிங்கியக் காட்டுமலைகளில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கிறது லௌஷா. பயிர் விளைய ஏற்ற நிலமில்லை. குளிர்காலம் நீளம். 1597இல் கோபுர்க் கோமகன் யோஹான் காசிமிர், ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்ற இரு கண்ணாடிக் கைவினைஞர்களுக்கு அங்கே உலை கட்ட உரிமம் கொடுத்தார். கண்ணாடி உலைக்கு வேண்டியது மணல், சுண்ணாம்பு, சாம்பலிலிருந்து எடுக்கும் காரம், எல்லாவற்றுக்கும் மேலாக விறகு. காட்டு மரத்தைக் கீழே இறக்கி விற்பதைவிட, நின்ற இடத்திலேயே கண்ணாடியாக்குவது லாபம் என்பது அக்காலத்து ஆட்சியாளர்கள் பலருக்கும் தெரிந்த கணக்கு. உலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. மற்ற ஊர்களில் கோயிலையோ சந்தையையோ கோட்டையையோ சுற்றி வீடுகள் வரும். லௌஷாவில் நெருப்பைச் சுற்றி வந்தன.

அந்த இரண்டு பெயர்களும் ஊரெங்கும் பரவின. தெருவுக்குப் பத்து கிரைனர், பத்து முல்லர் என்றானபோது அடையாளத்துக்காகப் பட்டப்பெயரைக் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். கிரைனர்-ஷ்லோட்ஃபேகர், கிரைனர்-பெட்டர், முல்லர்-ஊரி, முல்லர்-பிளெஹ் என்று அவை இன்றும் வாழ்கின்றன. பட்டப்பெயரால் குடும்பங்களைப் பிரித்தறியும் வழக்கம் நம் கிராமங்களுக்கும் புதிதல்ல.

முதல் நூற்றாண்டுகளில் அவர்கள் செய்தது குடிக்கும் கோப்பைகளும் புட்டிகளும்தான். கதையைத் திருப்பிவிட்டது விளக்கடி வேலை. பெரிய உலையில் கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து வைப்பார்கள். அந்தக் குழாய்களை வீட்டுக்கு எடுத்துப்போய், மேசைமேல் எரியும் எண்ணெய் விளக்கின் சுடரில் காட்டி இளக்கி, ஊதி, சிறு பொருட்கள் செய்வார்கள். உலையில் இடம் கிடைக்காத இளைய மகன்களுக்கும் இதனால் பிழைப்பு கிடைத்தது. பாசிமணி ஊதினார்கள். உள்ளே மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசி முத்துபோல விற்றார்கள். 1835இல் லுட்விக் முல்லர்-ஊரி மனிதருக்கான கண்ணாடிக் கண்களைச் செய்யத் தொடங்கினார். ஒரு கண்ணை இழந்தவருக்கு மறு கண்ணின் நிறத்தைப் பார்த்துச் செய்துகொடுக்கும் அந்தக் கலை, அதுவரை பொம்மைக் கண் செய்துவந்த கைகளிலிருந்து பிறந்தது. கோலிக்குண்டுகளும் இங்கே ஏராளமாக உருண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாசிமணித் தொழிலுக்கு நெருக்கடி வந்தது. பொஹீமியாவின் மணிகள் மலிவாகவும் அழகாகவும் சந்தையை நிறைத்தன. லௌஷாவின் விளக்குகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அந்த நேரத்தில்தான், 1848ஆம் ஆண்டில், லௌஷாவின் கண்ணாடி ஊதுபவர் ஒருவரின் ஆர்டர் புத்தகத்தில் ஒரு வரி வருகிறது: வெவ்வேறு அளவுகளில் 6 டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகள். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் சான்று இதுதான்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. 1847இல் ஏழை ஊதுபவர் ஒருவருக்குத் தன் பிள்ளைகளின் மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் வால்நட்டும் வாங்கக் காசில்லை. ஆகவே கண்ணாடியில் பழங்களை ஊதித் தொங்கவிட்டார் என்கிறது அந்தக் கதை. லௌஷாவில் இதை இன்றும் சொல்கிறார்கள். கேட்க மனம் நெகிழ்கிறது. ஆனால் நான் ஆர்டர் புத்தகத்தின் பக்கம்தான் நிற்பேன். 6 டஜன் என்பது சொந்த வீட்டு மரத்துக்கு ஊதியதல்ல, வாங்க ஆள் இருந்ததால் ஊதியது. பழங்களின் வடிவம் அப்போதே மரத்துக்குப் பழகியிருந்தது. பாசிமணி ஊதத் தெரிந்த கைக்கு உருண்டை பெரிய பாய்ச்சலும் அல்ல. கதையில் வரும் வறுமை மட்டும் முழு உண்மை. அது அந்த ஒரு தகப்பனுடையதாக இல்லாமல் ஊர் முழுவதன் வறுமையாக இருந்தது.

அதே 1848இல் லண்டனில் வேறொன்று நடந்தது. இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழ், விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை அச்சிட்டது. ஆல்பர்ட் பிறந்தது கோபுர்க் குடும்பத்தில். லௌஷாவுக்கு உரிமம் கொடுத்த யோஹான் காசிமிர் ஆண்டதும் கோபுர்க்கில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் கோடீஸ் லேடீஸ் புக் அதே படத்தை எடுத்து, அரசியின் தலை அணியையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கி, சாதாரண அமெரிக்கக் குடும்பமாக்கி வெளியிட்டது. கடலின் இரு கரைகளிலும் நடுத்தரக் குடும்பங்கள் மரம் வாங்கத் தொடங்கின. மரம் வாங்கியவர்களுக்கு அதில் தொங்கவிட ஏதாவது வேண்டும்.

ஆனால் லௌஷாவின் ஆரம்பகால உருண்டைகள் மரத்துக்கு ஏற்றவையாகவே இல்லை. தடித்த கண்ணாடி. உள்ளே ஈயக் கலவை பூச்சு. பெரியவை கிளையை வளைத்துவிடும், அதனால் அவற்றைக் கூரையிலும் சன்னலிலும் தொங்கவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் கூகெல் என்று அழைத்துத் தேடி அலைவது இந்தக் கனத்த உருண்டைகளையும் திராட்சைக் குலைகளையும்தான். அவற்றின் கழுத்தை ஒட்ட வெட்டி, பூவேலை பதித்த பித்தளை மூடி பொருத்தியிருப்பார்கள்.

இலேசாக்கியவை இரண்டு மாற்றங்கள். முதலாவது, 1867இல் லௌஷாவில் எரிவாயு ஆலை வந்தது. எண்ணெய் விளக்கின் சுடர் தள்ளாடும், சூடு போதாது. வாயுச் சுடர் ஒரே சீராக, மிகுந்த வெப்பத்தோடு எரியும். கண்ணாடி முழுவதும் ஒரே அளவில் இளகினால்தான் பெரிய உருண்டையைத் தாள்போல மெல்லிய சுவரோடு ஊத முடியும். இரண்டாவது, வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக் கண்ணாடிக்கு வெள்ளி ரசம் பூச வகுத்த முறை 1870 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தது. வெள்ளி நைட்ரேட் கரைசலோடு சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தால், வெள்ளி பிரிந்து கண்ணாடிச் சுவரில் படியும். ஈயப் பூச்சின் மங்கிய சாம்பல் போய், உள்ளிருந்து ஒளி வீசும் உருண்டை வந்தது. மெழுகுவத்திகள் எரியும் மரத்தில் ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வொரு சுடரையும் திருப்பிக் காட்டும். மின்விளக்குக்கு முந்திய காலத்து இருண்ட கூடத்தில் அது எவ்வளவு பெரிய வெளிச்சமாக இருந்திருக்கும்!

இனி அந்த வீடுகளுக்குள் போவோம். இந்தத் தொடரை எழுதத் தூண்டியதே அந்த வீடுகள்தான்.

லௌஷாவில் தொழிற்சாலை என்றால் சமையலறை. சன்னலோரம் ஒரு மேசை, அதில் வாயுக் குழல், அதற்கு முன்னால் தகப்பன். குழாயைச் சுடரில் சுழற்றிக்கொண்டே இருப்பார். நிறுத்தினால் இளகிய கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். சரியான நிறம் வந்ததும் சுடரிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் இறுகிவிடும், மூச்சு மிகுந்தால் வெடித்துவிடும். தேவதாரு நெற்று, பறவை, மீன், வீடு, பழக்குலை போன்றவற்றுக்குப் பீங்கானிலோ பிளாஸ்டரிலோ செய்த இரண்டு பாதி அச்சுகள். அதற்குள் கண்ணாடியை வைத்து மூடி ஊதுவார்கள். அச்சு செய்பவர்கள் தனி. நல்ல அச்சு குடும்பச் சொத்து, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும்.

ஊதிய உருண்டை ஆறியதும் தாயின் கைக்கு வரும். நீண்ட கழுத்து வழியாக வெள்ளிக் கரைசலைக் கொஞ்சம் விட்டு, வெந்நீரில் முக்கிக் குலுக்குவாள். சில நொடிகளில் உள்ளே கருமை படரும், பிறகு திடீரென்று கண்ணாடியாகப் பளிச்சிடும். மீதிக் கரைசலை வடித்துவிட்டு அடுப்புக்கு மேலே உலர்த்துவாள். வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுக்கும், கழுவினால் போகாது. உலர்ந்த உருண்டையை வண்ண அரக்கில் முக்கி, ஆணிகள் வரிசையாக அடித்த பலகையில் கழுத்தால் தலைகீழாகச் செருகி வைப்பார்கள். கோடு போடுவது, புள்ளி வைப்பது, பறவைக்குக் கண் எழுதுவது, கண்ணாடி நூலில் வால் ஒட்டுவது பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளின் வேலை. கடைசியில் கழுத்தை வெட்டி, கம்பிச் சுருள் மாட்டிய தகர மூடியைச் செருகினால் சரக்கு முடிந்தது. வீடு முழுக்க அரக்கின் நெடி. அதே அறையில்தான் சமையலும் சாப்பாடும் தூக்கமும். ஆர்டர் குவியும் மாதங்களில் வேலை இரவு வெகுநேரம் நீளும்.

சரக்கை வாங்கும் வணிகர்கள் லௌஷாவில் இல்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கீழே, பொம்மை நகரமான சோன்னபெர்கில் இருந்தார்கள். ரயில் 1886இல்தான் வந்தது. அதுவரை பெண்கள் ஆளுயரக் கூடைகளை முதுகில் கட்டி மலைப்பாதையில் நடந்து இறங்கினார்கள். கூடை பெரிது, எடை குறைவு, ஆனால் வழுக்கி விழுந்தால் வாரம் முழுவதன் உழைப்பும் சுக்குநூறு. வணிகர் டஜன் கணக்கில் விலை பேசுவார். விலை அவர் வைத்ததுதான். கிடைத்த காசில் மாவும் உருளைக்கிழங்கும், அடுத்த வாரத்துக்கான வெள்ளி நைட்ரேட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி ஏறுவார்கள். உலகச் சந்தையில் இந்த அலங்காரங்களுக்கு மலிவு விலை சாத்தியமானது இயந்திரத்தால் அல்ல. தாயின் உழைப்புக்கும் பிள்ளைகளின் உழைப்புக்கும் தனிக் கூலி கணக்கிடாததால்தான். அழகைப் பற்றி எழுதும் புத்தகங்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அது எனக்கு ஏற்புடையதல்ல.

அமெரிக்கக் கதவைத் திறந்தவர் எஃப். டபிள்யூ. வுல்வொர்த். 1879இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஐந்து சென்ட் கடை வைத்தவர். 1880இல் பிலடெல்பியாவில் ஓர் இறக்குமதி வியாபாரி அவருக்கு வண்ணக் கண்ணாடி உருண்டைகளைக் காட்டினார். வுல்வொர்த்துக்குப் பிடிக்கவில்லை. வழியிலேயே உடைந்துவிடும், உடையாமல் வந்தாலும் இது என்னவென்றே யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். நஷ்டம் வராது என்று வியாபாரி உறுதி சொன்ன பிறகே 25 டாலர் சரக்கு எடுத்தார். இரண்டே நாளில் தீர்ந்தது. அடுத்த வருடம் கூடுதலாக வாங்கினார், அதுவும் தீர்ந்தது. 1890இல் அவரே கப்பலேறி ஐரோப்பா போய், சோன்னபெர்க் வழியாக லௌஷாவுக்கு வந்தார். மர அலங்காரங்கள் மட்டும் 1,500 குரோசுக்கு மேல் வாங்கியதாக ஊருக்குக் கடிதம் எழுதினார். ஒரு குரோஸ் என்பது 144. கணக்குப் போட்டால் 2,16,000 உருண்டைகளைத் தாண்டும். ஒரு மனிதரின் ஒரு பயணத்துக்கே இவ்வளவு. அமெரிக்க வியாபாரம் பெருகியதால் சிறு நகரமான சோன்னபெர்கில் அமெரிக்கத் துணைத் தூதரகமே இயங்கியது.

வுல்வொர்த் கடைகளோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பச்சைக் கண்ணாடி வெள்ளரிக்காய் ஒன்றை மரக்கிளைக்குள் ஒளித்துவைப்பார்கள். கிறிஸ்துமஸ் காலையில் முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பரிசு. இது பழைய ஜெர்மானிய மரபு என்று அட்டையில் அச்சிட்டே விற்கிறார்கள். 2016இல் ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். லௌஷாவின் அச்சுகளில் வெள்ளரிக்காய் உண்டு. காய்கனிகளும் கொட்டைகளும் அவர்கள் முதலிலிருந்தே ஊதியவை. மரபு மட்டும் பெரும்பாலும் கடல் கடந்த பிறகு, விற்பனைக்காகப் பிறந்திருக்க வேண்டும். ஆனாலும் மூன்று தலைமுறையாக வெள்ளரிக்காய் தேடிய வீட்டில் அது உண்மையான மரபாகிவிட்டது. அதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

முதல் உலகப் போரில் கடல்வழி அடைபட்டதும் அமெரிக்கக் கடைகளுக்கு ஜெர்மன் சரக்கு வரவில்லை. போர் முடிந்ததும் மறுபடி வந்தது. அதனால் யாரும் பெரிதாகப் பாடம் கற்கவில்லை, ஒருவரைத் தவிர. அவர் மேக்ஸ் எக்கார்ட், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் அலங்காரங்களை இறக்குமதி செய்தவர். 1930களின் இறுதியில் இன்னொரு போர் நெருங்குவதைக் கண்டு, அமெரிக்காவிலேயே உருண்டை செய்யத் தயாரானார். வுல்வொர்த் நிறுவனத்தோடு சேர்ந்து கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை அணுகினார். கார்னிங்கிடம் மின்விளக்குக் குமிழ் செய்யும் இயந்திரம் இருந்தது. ஓடும் கண்ணாடி நாடாவின் மேல் வரிசையாகக் காற்றை ஊதிக் குமிழாக்கும் இயந்திரம் அது. குமிழுக்கும் உருண்டைக்கும் எவ்வளவு வித்தியாசம்? 1939 டிசம்பரில் பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஆலையிலிருந்து 2,35,000 உருண்டைகள் வுல்வொர்த் கடைகளுக்குப் போயின. அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,00,000 வெறும் உருண்டைகள். எக்கார்டின் கூடங்களில் அவற்றுக்கு ரசமும் வண்ணமும் ஏற்றி ஷைனி பிரைட் என்ற பெயரில் விற்றார்கள். வுல்வொர்த் மலைப்பாதையில் போய் வாங்கிவந்த சரக்கைவிட அதிகமாக ஒரே நாளில் ஓர் இயந்திரம் உமிழ்ந்தது.

அமெரிக்கா போரில் இறங்கியதும் வெள்ளியும் தகரமும் படைக்குப் போயின. ரசம் பூச முடியாததால் நிறமற்ற கண்ணாடியில் மெல்லிய வண்ணக் கோடுகள் மட்டும் போட்டார்கள். தலையில் உலோக மூடிக்குப் பதிலாக அட்டை மூடி. அன்றைக்குப் பஞ்சத்தின் அடையாளம். இன்றைக்கு அட்டை மூடி கிழியாமல் இருக்கும் அந்த வெற்று உருண்டைகளைச் சேகரிப்பாளர்கள் பளபளப்பானவற்றைவிட ஆவலோடு தேடுகிறார்கள். எந்த ஆண்டுகளில் செய்ததென்று வேறு சான்று தேவையில்லாமல் சொல்லிவிடுவது அவைதான்.

லௌஷாவை என்ன செய்தது அந்தப் போர்? இங்கே இருபத்தைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1919 நவம்பர் 30 அன்று கோபுர்க் நாட்டு மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. புதிதாக உருவாகும் துரிங்கியாவோடு சேர்வதா? 88 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். 1920இல் கோபுர்க் பவேரியாவோடு இணைந்தது. கோபுர்குக்கு உட்பட்ட நாய்ஷ்டாட் என்ற சிறு நகரமும் பவேரியாவுக்குப் போனது. அதை அடுத்து, நடந்தே போகும் தொலைவில் இருந்த சோன்னபெர்கும், மேலே லௌஷாவும் துரிங்கியாவில் நின்றன. அன்றைக்கு அது நிர்வாக எல்லை மட்டும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் துரிங்கியாவைப் பிடித்தன. ஜூலையில் ஒப்பந்தப்படி அதைச் சோவியத் படைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்வாங்கின. பவேரியாவில் மட்டும் அமெரிக்கர்கள் இருந்தார்கள். பழைய வாக்கெடுப்பின் கோடு வழியாகவே முள்வேலி எழுந்தது.

ஊதுபவர்கள் சிலர் குடும்பத்தோடு எல்லை தாண்டி நாய்ஷ்டாட்டில் மீண்டும் சுடர் ஏற்றினார்கள். முல்லர்-பிளெஹ் குடும்பத்தின் தொழில் அங்கேதான் வளர்ந்தது. மேலே லௌஷாவில் தொழில் மெல்ல அரசு நிறுவனத்துக்குள் இழுக்கப்பட்டு, 1972இல் எஞ்சிய தனியார் பட்டறைகளும் அரசுடைமையாயின. அங்கு ஊதிய உருண்டைகள் மேற்கு நாடுகளுக்குப் போய் அந்நியச் செலாவணி கொண்டுவந்தன. ஒரே கை மரபு, ஒரே பட்டப்பெயர்கள், இடையில் காவல் கோபுரங்கள். 1989இல் எல்லை திறந்தது. அரசு நிறுவனம் கலைந்த பின் பல குடும்பங்கள் மறுபடி வீட்டுப் பட்டறைக்கே திரும்பின.

சேகரிப்பாளர்களைப் பற்றி இதுவரை ஆங்காங்கே மட்டும் சொன்னேன். அவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். லௌஷாவின் சமையலறைகள் எதுவும் தன் உருண்டையில் கையெழுத்துப் போடவில்லை. வணிகர்களின் மாதிரிப் புத்தகங்களில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. 1897இல், ஊரின் 300ஆம் ஆண்டில், லௌஷாவில் கண்ணாடி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலோ இந்தப் பொருட்களை வரலாறாகப் பார்த்தவர்கள் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிய சாதாரண மனிதர்கள். 1980இல் அங்கே சேகரிப்பாளர்கள் சேர்ந்து கோல்டன் க்ளோ ஆஃப் கிறிஸ்துமஸ் பாஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உருண்டையைக் கையில் எடுத்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது வண்ணத்தையல்ல, தலையை. பூவேலைப் பித்தளை மூடி என்றால் கூகெல். மூடியில் ஜெர்மனி, அமெரிக்க மண்டலம் என்று பொறித்திருந்தால் 1945க்குப் பிந்திய சில ஆண்டுகள். மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் 1952க்கு முன். அட்டை மூடி என்றால் போர்க்காலம். நாடுகள் உடைந்ததும் ஒட்டியதும் ஒரு நகக்கண் அளவு தகரத்தில் பதிந்திருக்கிறது. மூடிகளை மாற்றிவிடலாம் என்பதால் அனுபவசாலிகள் எடையையும் உள் பூச்சின் நிறத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். இந்தியாவில் செய்த புதிய கூகெல்கள் அமெரிக்கச் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. புதிது என்று சொல்லி விற்றால் அவையும் நல்ல கைவேலைதான். நூற்றாண்டுப் பழையது என்று சொல்லி விற்பவர்களால்தான் தொல்லை.

1973இல் ஹால்மார்க் நிறுவனம் கீப்ஸேக் என்ற வரிசையைத் தொடங்கி, வருடந்தோறும் புது அலங்காரம் வெளியிட்டு, அதைச் சேகரிக்கும் பழக்கத்தையே ஒரு வியாபாரமாக்கியது. முதலாண்டில் வந்தவை 6 கண்ணாடி உருண்டைகளும் 12 நூல் பொம்மைகளும். குடும்பத்தில் பிள்ளை பிறந்த வருடம், கல்யாணமான வருடம் என்று வாங்கி வைப்பவர்கள் பல லட்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேகரிக்கவே செய்யப்பட்ட பொருளும், யாரும் சேகரிப்பார்கள் என்று நினையாமல் டஜன் விலைக்கு ஊதப்பட்ட பொருளும் என் மனத்தில் ஒரே தட்டில் உட்காருவதில்லை.

பழைய உருண்டை வைத்திருப்பவர்களுக்கு மூன்று செய்திகள். தண்ணீரால் துடைக்காதீர்கள், பழைய சாயம் கரைந்து கையோடு வந்துவிடும். மூடியைக் கழற்றி வைக்காதீர்கள், காற்றும் ஈரமும் புகுந்து ரசம் கறுக்கும். ஓட்டுக்கூரைக்கு அடியில் பரணில் வைக்காதீர்கள், வெப்பம் ஏறி இறங்கினால் வண்ணம் செதிலாக உரியும். அதற்கும் மேலாக, வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய விலையும் கடையின் முத்திரையும் மூடி சொல்லாததையும் சொல்லும்.

நம் ஊர்க் கடைகளில் டிசம்பரில் சரம்சரமாகத் தொங்கும் பிளாஸ்டிக் பந்துகளைக் கவனித்துப் பாருங்கள். பந்தின் தலையில் தங்க நிறத்தில் பல் பல்லாக விளிம்பு வைத்த ஒரு சிறு மூடி, அதில் ஒரு வளையம். பிளாஸ்டிக்குக்கு அது தேவையே இல்லை. வார்க்கும்போதே ஒரு காதை வைத்துவிடலாம். லௌஷாவில் உருண்டையின் கழுத்தை வெட்டிய கூர் விளிம்பை மறைக்கத்தான் அந்த மூடி வந்தது.

கண்ணாடியைத் தவிர வேறு பொருட்களும் இதே காலத்தில் மரத்தில் ஏறின. டிரெஸ்டனில் அட்டையை அழுத்தி, பொன்முலாம் பூசிச் செய்த கப்பல்களும் ஒட்டகங்களும் அவற்றில் மிக நுட்பமானவை. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற செக் நாட்டுப் பொனிக்லா கிராமத்து ஊதுமணி நட்சத்திரங்களுக்கு, லௌஷாவை நெருக்கடிக்குள் தள்ளிய அதே பொஹீமிய மணிகளோடு உறவு உண்டு. அந்த இரண்டையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)